கயிறு பிடித்த கையும் கையில் கட்டிய கணக்கும்

1344-இல் புத்தளத்தில் வந்திறங்கிய பயணி இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னே முத்துகள் குவிந்து கிடந்ததையும், அரசனின் ஆட்கள் அவற்றைத் தரம் பிரித்துக்கொண்டிருந்ததையும் எழுதிவைத்திருக்கிறார். அந்த முத்துகளை எடுத்த முறை அதன்பின் பல நூறு ஆண்டுகளுக்குப் பெரிதாக மாறவில்லை. புத்தளத்துக்கு வடக்கே, சிலாவத்துறைக்கு எதிரேயுள்ள முத்துச் சிப்பிப் பார்களில் 1905-இல் பெருங்குளிப்பு நடந்தபோதும் அதே கல், அதே கயிறு, அதே மூச்சுத்தான்.

ஆழம் ஐந்து முதல் ஒன்பது பாகம். பாகம் ஒன்றுக்கு ஆறடி. கயிற்றில் கட்டிய கனத்த கல்லில் ஒரு காலை ஊன்றி, மூக்கைப் பொத்திக்கொண்டு குளிப்பவர் இறங்குவார். தரை தட்டியதும் கல்லை விடுவார், தோணியிலிருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம், கைக்கெட்டிய சிப்பியைக் கூடையில் அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்டுவார். கயிறு பிடிக்கும் வேலையை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று கரையில் ஒரு பேச்சு உண்டு. கூடப்பிறந்தவள் வாழவேண்டுமே என்ற அக்கறையில் அவன் கண் அசரமாட்டான் என்பது அதற்குச் சொல்லும் காரணம்.

அந்தத் தொழிலில் ஆபத்துக்குக் குறைவில்லை. சுறா உண்டு, காது கிழியும், மயக்கம் வரும். ஆனால் நேரக் கணக்கு வைத்தது உடம்பேதான். மூச்சு முட்டினால் மேலே வந்தே ஆகவேண்டும்.

அந்தக் கணக்கை மாற்றியது சிலிண்டர். 1943-இல் பிரான்சில் கூஸ்தோவும் கன்யானும் உருவாக்கிய சுவாசக் கருவி, 1950-களில் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், மைக் வில்சன், ரொட்னி ஜொங்க்ளாஸ் போன்றோருடன் இலங்கைக் கடலிலும் இறங்கியது. அவர்களுக்கு அது ஆர்வம். பின்னாளில் கல்பிட்டிக் குடாநாட்டுக்கு அது பிழைப்பாக வந்தது. இடுப்பளவு நீரில் பொறுக்கிய கடலட்டை கரையோரம் அருகிப்போக, ஆழத்துக்குப் போகவேண்டியதாயிற்று. சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் போகும் அட்டைக்கு நல்ல விலை. வாடிகளில் சிலிண்டர்கள் அடுக்கப்பட்டன. ஒரே நாளில் மூன்று, நான்கு சிலிண்டர் முடிக்கும் சுழியோடிகள் உருவானார்கள்.

சிக்கல் முதல் சிலிண்டரில் தெரியாது. 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்று அடைத்தால் 2,400 லீற்றர். 20 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் மூன்று மடங்கு, காற்றும் மூன்று மடங்கு செலவாகும். நிமிடத்துக்கு 60 லீற்றர் என்று வைத்தால் 40 நிமிடத்தில் சிலிண்டர் காலி. அந்த ஆழத்தில் இடையில் தரிக்காமல் நேராக மேலே வரப் பயிற்சி அட்டவணைகள் அனுமதிக்கும் நேரம் சுமார் 45 நிமிடம். காற்று தீர்வதே ஆளைக் காப்பாற்றிவிடுகிறது. ஆனால் அழுத்தத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைதரசன் முழுதாக வெளியேறப் பல மணி நேரம் வேண்டும். அரை மணி கழித்து இரண்டாவது சிலிண்டரை முதுகில் மாட்டுபவர் முதலாவதின் மிச்சத்தையும் சுமந்துகொண்டே இறங்குகிறார். மூன்றாவதில் அது இன்னும் ஏறும். மூச்சு முட்டாது, வலிக்காது, உடம்பு ஒரு சைகையும் காட்டாது. மேலே வந்தபின்தான் நைதரசன் குமிழியாகப் பிரியும். தோளிலும் முழங்காலிலும் குத்து, கால் மரப்பு, சிறுநீர் பிரியாமை, சிலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போவது. தரமான சிகிச்சை ஒட்சிசனும் அழுத்த அறையும். கடற்படையின் அழுத்த அறை இருப்பது திருகோணமலையில், தீவின் மறுகரையில்.

இதே கதை 1860-களில் கிரேக்கத்தின் கலிம்னொஸ், சிமி தீவுகளில் நடந்தது. கடற்பஞ்சு எடுப்பவர்களுக்கு உலோகத் தலைக்கவசமும் காற்றுக் குழாயும் வந்தன, கணக்கு வரவில்லை. இளைஞர்கள் பலர் முடங்கினார்கள், பலர் இறந்தார்கள். 1908-இல் உடலியலாளர் ஹால்டேன், ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்துப் பார்த்து முதல் அட்டவணையை வெளியிட்டார். அவர் உடம்பை ஐந்து வகைத் திசுக்களாகப் பிரித்து வைத்த கணக்கைப் பிற்காலத்தில் சூரிச்சில் பூல்மன் பதினாறாக விரித்தார். 1983 அளவில் அந்தக் கணக்கு ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கி விற்பனைக்கு வந்தது. இன்று அது கைக்கடிகார அளவில் மணிக்கட்டில் இருக்கிறது.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும் நாட்களில் கல்பிட்டிக்கு வருபவர்கள் டொல்பினோடு நின்றுவிடுவதில்லை. 1992-இல் சரணாலயமாக்கப்பட்ட பார் ரீஃபில் இறங்கவும் வருகிறார்கள். அதன் ஆழமற்ற பவளம் 1998-லும் 2016-லும் வெப்பத்தில் வெளுத்து அழிந்தது. ஆழத்துப் பாறைகளில் மீன் கூட்டம் இன்னும் உண்டு. அங்கே 18 மீற்றரில் மணிக்கட்டைத் திருப்பினால் மூன்று எண்கள் தெரியும்: ஆழம், இறங்கி எத்தனை நிமிடம், இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம். 12 மீற்றருக்கு ஏறினால் மூன்றாவது எண் கூடும். அச்சடித்த அட்டவணை, முழு நேரமும் அதிகபட்ச ஆழத்திலேயே இருந்ததாகக் கணக்கிடும். டைவ் கம்பியூட்டரோ சில விநாடிக்கு ஒருமுறை இருக்கும் ஆழத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்துகிறது. நிமிடத்துக்குச் சுமார் 9 மீற்றரைத் தாண்டி வேகமாக ஏறினால் ஒலியெழுப்பும். 5 மீற்றரில் மூன்று நிமிடம் தரிக்கச் சொல்லும்.

முதன்முதலாக டைவ் கம்பியூட்டர் ஒன்று வாங்குபவர் விலைப்பட்டியலின் மேல்வரிசையைப் பார்க்க வேண்டியதில்லை. கலங்கல் நீரிலும் படிக்கக்கூடிய பெரிய எண்கள் வேண்டும். கிரெஸ்ஸி லியோனார்டோ, மாரெஸ் பக் போன்ற ஒற்றைப் பொத்தான் வகைகளே பழகுபவருக்குப் போதும். பற்றரியைத் தானே மாற்றக்கூடியதா என்று கேட்டு வாங்கவேண்டும். பழுதுபார்க்கும் நிலையம் இல்லாத கரையில் அது பெரிய வசதி. ஒட்சிசன் கூடிய நைட்ரொக்ஸ் கலவைக்கும் கணக்கிடுமானால் நாளைக்கு உதவும். வண்ணத் திரை, திசைகாட்டி, சிலிண்டரோடு இணைப்பு எல்லாம் காத்திருக்கலாம். பறக்கக்கூடாத நேரத்தை அது காட்டும்போது மதிக்கவேண்டும். பலமுறை இறங்கியவர் கட்டுநாயக்காவில் விமானம் ஏற 18 மணி நேரமாவது பொறுக்கவேண்டும் என்பது பொது விதி.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: ஆளுக்கு ஒன்று. இருவருக்குப் பொதுவாக ஒன்று என்பது நடக்காது. காலையில் ஒருவர் கட்டியதை மாலையில் இன்னொருவர் வாங்கிக் கட்டினால், அது காலையில் இறங்கியவருடைய நைதரசனைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும்.

விடுமுறைக்கு வந்து நாளுக்கு இரண்டு முறை இறங்குபவர் கையில் இந்தக் கருவி இருக்கிறது. அவரைவிடக் கூடுதலாக இறங்கும் அட்டைச் சுழியோடியின் கையில் அதைக் காண்பது அரிது. பணம் மட்டும் காரணம் என்று சொல்வதற்கில்லை. எளிய கம்பியூட்டரின் விலை, படகு எஞ்சினின் விலையில் சிறு பங்கு. அட்டை கிடைக்கும் இடத்தைக் குறித்துவைக்க ஜீபிஎஸ் வாங்கத் தயங்காத முதலாளிக்கு, இறங்குகிற ஆள் எப்போது ஏறவேண்டும் என்று சொல்லும் கருவி செலவாகத் தெரிகிறது. அட்டை பிடிக்க உரிமம் கொடுக்கும் திணைக்களம், சிலிண்டரோடு இறங்கும் ஒவ்வொருவர் கையிலும் இது இருக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். அன்று கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் எந்தத் தோணியும் குளிப்புக்குப் போனதில்லை.