மூன்றடி பின்னால், இரண்டடி பக்கவாட்டில்

அமெரிக்க ஃபுட்பாலில் ஃபீல்டு கோல் உதைப்பது பார்ப்பதற்குச் சுலபம். அதைக் கற்றுக்கொள்ள முகாமுக்கு வரும் புதியவர்களைக் கேட்டால்தான் தெரியும் கஷ்டம்.

பந்து அசையாமல் நிற்கிறது. எதிரே கோல்கீப்பர் கிடையாது. ஓடிவந்து உதைக்க வேண்டியதுதான் பாக்கி. பள்ளிக் கால்பந்து அணியில் கோல் போட்டுப் பழகிய 15 வயதுப் பையனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? ஆனால் முகாமின் முதல் நாள் காலையில் அவன் உதைக்கும் பந்து பல முறை மேலே எழும்புவதே இல்லை. புல்லில் தத்தித் தத்தி எங்கோ ஓரமாகப் போய் நிற்கிறது. பெற்றோர் வேலியருகே நின்று வேறு பக்கம் பார்ப்பதுபோல் பாவனை செய்கிறார்கள்.

அமெரிக்காவில் கோடை விடுமுறை வந்தால் இத்தகைய முகாம்கள் களைகட்டுகின்றன. இரண்டு மூன்று நாள் பயிற்சிக்கு நூற்றுக்கணக்கான டாலர் கட்டணம். முட்டி மோதும் ஆட்டம் எதுவும் இங்கே இல்லை. உதைதான் பாடம்.

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்தில் பெரும்பாலும் பந்தைக் கையில் ஏந்தித்தான் ஓடுகிறார்கள். இரு முனையும் கூரான நீள்வட்டப் பந்து அது. முன்னேற முடியாமல் திணறும் அணி, கடைசி வழியாக உதைப்பதற்கென்றே இருக்கும் ஒருவரைக் களத்துக்குள் அனுப்புகிறது. அவர் உதைக்கும் பந்து இரு கம்பங்களுக்கு நடுவே, 10 அடி உயரத்தில் உள்ள குறுக்குக் கம்பிக்கு மேலே பறந்தால் 3 புள்ளிகள். அதுதான் ஃபீல்டு கோல். பள்ளி ஆட்டங்களில் கம்பங்களுக்கு இடையே 23 அடி 4 அங்குலம். கல்லூரியிலும் தொழில்முறை ஆட்டத்திலும் 18 அடி 6 அங்குலம்தான். பையன் வளர வளர வாசல் குறுகுகிறது.

பந்தை நேராக ஓடிவந்து ஷூ நுனியால் உதைப்பதுதான் முன்பு வழக்கம். அதை மாற்றியவர் ஹங்கேரியில் பிறந்த பீட் கோகோலாக். 1956 புரட்சிக்குப் பிறகு குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். அவர் சேர்ந்த பள்ளியில் கால்பந்து அணி இல்லை. அதனால் ஃபுட்பால் பக்கம் போனார். பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஓடிவந்து புறங்காலால் உதைத்தார். 1964இல் பஃபலோ பில்ஸ் அணியில் சேர்ந்தார். அவரது பாணி பரவிப் பரவி, 80களின் பிற்பகுதியில் நுனிக்கால் உதை ஏறக்குறைய மறைந்தேபோனது.

முகாமில் இன்று கற்பிப்பதும் அந்தச் சாய்வு உதையைத்தான். பந்திலிருந்து மூன்றடி பின்னால், இரண்டடி பக்கவாட்டில். இந்த அளவை நடந்து நடந்தே காலுக்கு மனப்பாடம் ஆக்குகிறார்கள். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், விரல்கள் இலக்கைப் பார்த்தபடி பதிய வேண்டும். உதைக்கும் காலின் கணுக்கால் விறைப்பாக இருக்க வேண்டும். புறங்கால் எலும்பு பந்தின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தலை குனிந்தே இருக்க வேண்டும். பந்து எங்கே போகிறது என்று அவசரமாக நிமிர்ந்து பார்த்தால், அது நிச்சயம் வேறெங்கோ போகும்.

முதலில் ஓடாமல் நின்றபடியே உதை. பிறகு ஒரு எட்டு வைத்து. அதன்பின்தான் முழு ஓட்டம். தூரமும் அப்படியே, கம்பத்துக்கு அருகில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போகிறார்கள். பலத்தைக் காட்ட நினைப்பவனுக்குக் குறி தவறுகிறது. தொடைத் தசை பிடித்துக்கொள்ளும் என்பதால் நாளொன்றுக்கு இத்தனை உதை என்று கணக்கும் உண்டு.

நிஜ ஆட்டத்தில் இவ்வளவு அவகாசம் கிடையாது. ஒருவர் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் எறிய, இன்னொருவர் பிடித்து நிமிர்த்தி, தையல் கோல் பக்கம் இருக்கும்படி திருப்ப, மூன்றாமவர் உதைக்க வேண்டும். மொத்தம் சுமார் 1.3 விநாடி. தாமதித்தால் எதிரணியினர் மேலே வந்து விழுவார்கள்.

இத்தனையும் எதற்காக? கல்லூரி உதவித்தொகை கிடைக்காதா என்ற ஆசைதான் பல குடும்பங்களுக்கு. அதையும் தாண்டிக் கனவு காண்பவர்களுக்கு வழி இன்னும் குறுகல். தொழில்முறை லீகில் 32 அணிகள், அணிக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு உதைப்பாளர். ஆகவே பெரும்பாலான பையன்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது வேறொன்றை. தவறவிட்ட பிறகும் தலைநிமிர்ந்து நடக்கும் பழக்கம் அது. சில முகாம்களில் சுற்றி நின்று எல்லோரும் கூச்சல்போட, நடுவில் ஒருவன் மட்டும் உதைக்க வேண்டும். தவறினால், அடுத்தவனுக்கு இடம்விட்டு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.

அந்த நடை எவ்வளவு நீளம் என்பது நமக்கும் தெரியும். 1986இல் ஷார்ஜாவில் கடைசிப் பந்தில் மியான்தாத் அடித்த சிக்ஸர் இன்னும் மறக்கவில்லை. பந்துவீசிய சேத்தன் சர்மா மறு வருடமே உலகக் கோப்பையில் ஹாட்ரிக் எடுத்தார். அது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

அமெரிக்காவின் சேத்தன் சர்மா என்று ஸ்காட் நார்வுட்டைச் சொல்லலாம். 1991 ஜனவரியில் சூப்பர் பௌல் இறுதி ஆட்டம். அவரது பஃபலோ அணி 19-20 என்று ஒரே புள்ளி பின்தங்கியிருந்தது. மிச்சம் 8 விநாடி. 47 கெஜ தூரத்திலிருந்து நார்வுட் உதைத்த பந்து உயரமாகத்தான் போனது. ஆனால் வலது கம்பத்துக்கு வெளியே.

மறுநாள் பஃபலோ நகரத்தில் அணியை வரவேற்க ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். நார்வுட் மேடையில் பின்வரிசையில் நின்றார். கூட்டம் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது. திட்டுவதற்கல்ல. அவர் முன்னால் வந்து, குரல் தழுதழுக்கப் பேசி முடிக்கும்வரை கைதட்டினார்கள்.