முந்நூறு ஏக்கர் சொன்ன வம்சம்

1848-இன் தொடக்கத்தில், அமெரிக்க நாடாளுமன்றத்தில் இல்லினாய் மாநில உறுப்பினராக இருந்த ஆபிரகாம் லிங்கனுக்கு, மாசசூசெட்ஸின் ஹிங்ஹாம் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சாலமன் லிங்கன், ஹிங்ஹாமின் வரலாற்றை நூலாக எழுதியவர். உங்கள் முன்னோர் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்று அதில் விசாரித்திருந்தார்.

லிங்கனுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அப்பா பெயர் தாமஸ். தாத்தா பெயரும் ஆபிரகாம்தான். வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் மாவட்டத்திலிருந்து கென்டக்கிக்குக் குடிபெயர்ந்தவர். அதற்கும் முந்தியவர்கள் பென்சில்வேனியாவிலிருந்து வந்த குவேக்கர்கள் என்று வீட்டில் பேச்சு உண்டு. அவ்வளவே. 1859-இல் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதியபோதும், நியூ இங்கிலாந்து லிங்கன்களோடு தொடர்பு தேடிய முயற்சியில் இரு குடும்பங்களிலும் மோர்டகாய், ஆபிரகாம், ஈனாக் என ஒரே பெயர்கள் புழங்குவது தெரிந்ததே தவிர வேறெதுவும் உறுதியாகவில்லை என்றுதான் எழுதினார். 1865-இல் சுடப்பட்டு இறக்கும்போதும் விடை கிடைத்திருக்கவில்லை.

மூன்று தலைமுறைக்கு முந்தைய சங்கதி ஒரு குடும்பத்துக்கு எப்படி மறந்துபோகும்? 1786-இல் கென்டக்கியில் தன் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்த தாத்தா ஆபிரகாமைப் பூர்வகுடி வீரர்கள் கொன்றார்கள். அப்போது தாமஸுக்கு ஏறத்தாழ எட்டு வயது. அன்று கென்டக்கிக்கும் பொருந்திய வர்ஜீனியச் சட்டப்படி நிலம் மூத்த மகனுக்கு. அதனால் அண்ணன் மோர்டகாய்க்குச் சொத்து வந்தது. தாமஸ் கூலி வேலை பார்த்து ஊர் ஊராக அலைந்து வளர்ந்தார், படிப்பும் இல்லை. நிலம் யாரிடம் போகிறதோ அவரிடம்தான் பத்திரங்களும், அவற்றோடு சேர்ந்த பழங்கதைகளும் போகும். இந்தக் குடும்பத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குப் பளிச்சென்று தெரிவது இதுதான்.

வம்சத்தைத் தேடுகிறவர்கள் தெரிந்தவரிலிருந்து தெரியாதவரை நோக்கிப் பின்னால்தான் நடப்பார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு தாள் சாட்சி வேண்டும். பெயர் ஒத்துப்போவது துப்பு மட்டுமே, சாட்சி ஆகாது. 17-ஆம் நூற்றாண்டு ஹிங்ஹாமில் தாமஸ் லிங்கன் என்ற பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். நெசவாளி தாமஸ், பீப்பாய் செய்யும் தாமஸ், மாவு மில் தாமஸ், உழவர் தாமஸ் என்று தொழிலைச் சொல்லித்தான் ஊரார் அவர்களைப் பிரித்தறிந்தார்கள். இதில் ஒருவருடைய பிள்ளையை இன்னொருவர் கணக்கில் எழுதிவிட்டால், அதற்குக் கீழே வரும் வம்சாவளி முழுக்கத் தவறிவிடும்.

லிங்கன் குடும்பத்தின் அறுந்த கண்ணியைக் கோத்தது ஒரு கிரயப் பத்திரம். ஹிங்ஹாம் லிங்கன்களில் மோர்டகாய் என்ற இரும்புத் தொழிலாளிக்கு அதே பெயரில் ஒரு மகன். அந்த மகனும் தம்பி ஆபிரகாமும் தெற்கே நியூ ஜெர்சிக்குப் போய்விட்டார்கள். இளைய மோர்டகாய் அங்கிருந்து பென்சில்வேனியாவுக்கு நகர்ந்து, இரும்பு உலைத் தொழிலில் பங்கு போட்டு, 1736-இல் இறந்தார். முதல் மனைவியின் மகன் ஜானுக்கு நியூ ஜெர்சியில் 300 ஏக்கர் நிலத்தை உயிலில் எழுதிவைத்திருந்தார். 1748-இல் ஜான் அதை விற்றார். நம்மூரில் நிலம் வாங்கியவர்களுக்குத் தெரியும்: விற்பவருக்கு அந்த நிலம் எந்த வழியில் வந்தது என்பதைப் பத்திரம் சொல்லியாக வேண்டும். அந்தப் பத்திரத்தில் ஜானின் அப்பா பெயரும் இருந்தது, அப்போது ஜான் குடியிருந்த பென்சில்வேனிய ஊரும் இருந்தது. பிற்பாடு வர்ஜீனியாவுக்குப் போன ஜான் அவர்தான்; தாத்தா ஆபிரகாமின் அப்பா, ஜனாதிபதி லிங்கனின் கொள்ளுத்தாத்தா. உயிலையும் பத்திரத்தையும் பொருத்திப் பார்த்து, சாமுவேல் ஷாக்ஃபர்ட் என்பவர் 1887-இல் இதை வெளியிட்டார். லிங்கன் இறந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த 300 ஏக்கரும் அதற்கு முன் லெனாபே பூர்வகுடிகளின் மண். அவர்களுடைய தலைமுறைகளைச் சொல்ல இப்படி ஒரு பத்திரக் கட்டு இல்லை. குடியேறியவர்களின் வம்சாவளி இவ்வளவு தெளிவாகக் கிடைப்பதற்குக் காரணமே, நிலம் அவர்கள் கைக்கு வந்ததும் அதை எழுதி வைத்ததுதான்.

ஜானிலிருந்து மேலே ஏறினால் இரண்டு மோர்டகாய்கள், அதற்கும் மேலே கடல் தாண்டி வந்த சாமுவேல் லிங்கன். 1637 ஏப்ரலில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலிருந்து நியூ இங்கிலாந்து போக அனுமதி கேட்டவர்களின் பட்டியல் இன்றும் இருக்கிறது. நார்விச் நகர நெசவாளி ஃபிரான்சிஸ் லாஸ், அவர் மனைவி, மகள், இரண்டு வேலைக்காரர்கள். அந்த இருவரில் ஒருவர் சாமுவேல், வயது 18. குடும்பப் பெயரை எழுத்தர் ‘லிங்கார்ன்’ என்று எழுதியிருக்கிறார். ஆனால் நார்ஃபோக்கில் உள்ள பழைய ஹிங்ஹாமின் தேவாலயப் பதிவேட்டில் சாமுவேலின் ஞானஸ்நானம் 1622 ஆகஸ்டில் நடந்ததாக இருக்கிறது. அப்படியானால் கப்பலேறும்போது வயது பதினைந்துகூட நிரம்பவில்லை. பிள்ளைக்குச் சில வருடம் கழித்து ஞானஸ்நானம் கொடுத்தார்களா, அல்லது கப்பலில் இடம் கிடைக்க வயதைக் கூட்டிச் சொன்னார்களா? ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. வீட்டை விட்டுக் கடல் தாண்டத் துணிந்த ஒரு பையன் வயதைப் பற்றி உண்மை சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்தப் பதிவேடுகளைப் படிப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். 1538-இல் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவால்தான் இங்கிலாந்தின் ஒவ்வொரு ஊர்க் கோயிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குறிக்கத் தொடங்கியது. அதோடு, 1752 வரை அங்கே புது வருடம் பிறந்தது மார்ச் 25-இல். சாமுவேலின் அப்பா எட்வர்ட் அடக்கமானது பதிவேட்டின்படி 1639 பிப்ரவரி. நம் கணக்கில் 1640. இது தெரியாதவர், வேறொரு குடும்பத்தில் அப்பா இறந்து பல மாதம் கழித்துப் பிள்ளை பிறந்ததாகக்கூட எழுதிவிடுவார்.

அந்த எட்வர்டின் கதையில் மறுபடியும் நிலம் வருகிறது. அவருடைய அப்பா ரிச்சர்ட் ஸ்வான்டன் மார்லி ஊரில் வசதியாக வாழ்ந்தவர், நான்கு முறை மணந்தவர். எட்வர்ட் முதல் தாரத்துப் பிள்ளை, மூத்தவர். ஆனால் 1620-இல் ரிச்சர்ட் இறந்தபோது சொத்தில் பெரும்பகுதி நான்காம் தாரத்துக்கும் அவள் பிள்ளைகளுக்கும் போய்விட்டது. எட்வர்ட் வழக்காடினார், இழந்ததை மீட்க முடியவில்லை. அவர் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்தார்கள், பிறகு கப்பலேறினார்கள். சொத்து கைவிட்டுப் போகாமலிருந்தால் சாமுவேலுக்கு அமெரிக்கா தேவைப்பட்டிருக்குமா என்பதே சந்தேகம். அந்தக் குடும்பச் சண்டை உயிலிலும் வழக்கிலும் ஏறியதால்தான் ரிச்சர்ட் வரை நம்மால் போக முடிகிறது.

இவ்வளவு பாடுபட்டுக் கண்டது ஒரே ஒரு வழி. ஆறு தலைமுறை மேலே போனால் ஒருவருக்கு 64 முன்னோர். சாமுவேல் அதில் ஒருவர். சராசரியாகப் பார்த்தால் ஜனாதிபதியின் டி.என்.ஏ.வில் அவர் பங்கு 64-இல் ஒன்று, இரண்டு சதவீதம்கூட இல்லை. குடும்பப் பெயர் பொதுவாக அப்பா வழியாக வருவதால் அந்த ஒருவர் மேல் நம் கண் படுகிறது.

அம்மா நான்சி ஹாங்க்ஸ் பக்கம் தாள்கள் பேசவில்லை. திருமணமாகாத லூசி ஹாங்க்ஸின் மகள் நான்சி என்று ஒரு தரப்பு, இல்லை என்று இன்னொரு தரப்பு. நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த வாதம் நீண்டது. மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு இறங்கும். மகள்கள்தான் அதை அடுத்த தலைமுறைக்குத் தருவார்கள். லிங்கனின் நேர் வாரிசுகளில் கடைசியானவர் 1985-இல் இறந்துவிட்டார். ஆனால் நான்சியின் பெண் உறவுகளின் வழியில், மகளுக்கு மகளாக வந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களின் மாதிரிகளை ஒப்பிட்டபோது எக்ஸ்1சி என்ற மிக அரிய வகை பொருந்தியது. 2015-இல் வெளியான அந்த முடிவு, நான்சி லூசியின் மகள்தான் என்ற பக்கத்துக்குப் பலம் சேர்த்தது. நான்சியின் அப்பா யார் என்பது அந்தச் சோதனையில் தெரிய வழியில்லை. அவரிடமிருந்து மகளுக்கு ஒரு ஏக்கரும் வரவில்லை, அதனால் அவர் பெயரைச் சொல்லும் பத்திரமும் இல்லை.