ஒரே ரொக்கெட்டில் நூறு செய்மதி: இதில் எனது எது?

கப்பல் வழியாகச் சரக்கு இறக்கும் எமது வர்த்தகர்களுக்கு எல்.சி.எல். என்பது புதிய சொல் அல்ல. முழுக் கொள்கலனை நிரப்பும் அளவுக்குச் சரக்கோ முதலோ இல்லாதவர், இன்னும் பத்துப் பேருடன் சேர்ந்து ஒரே கொள்கலனில் தனது பெட்டிகளையும் ஏற்றிவிடுகிறார். கூலி குறைகிறது. ஆனால், கொள்கலன் திறக்கப்படும் அன்று பெட்டியின் மேல் எழுதிய மார்க் அழிந்து போயிருந்தால் என்ன செய்வது? ஒரே அளவான நூறு அட்டைப் பெட்டிகளுக்குள் தனது பெட்டி எது?

விண்வெளியிலும் இப்போது இதே வியாபாரம்தான் நடக்கிறது. அங்கும் இதே கேள்விதான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே பெட்டிகள் களஞ்சியத்தில் அசையாமல் கிடப்பதில்லை. விநாடிக்கு ஏழரை கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

முதலில் கூலியைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஸ்பேஸ் எக்ஸ் கம்பனியின் பால்கன் 9 ரொக்கெட்டின் கீழ்ப்பகுதி, வேலை முடிந்ததும் வீணாகாமல் தரையிலோ கடலில் நிற்கும் மேடையிலோ வந்து இறங்கி, மீண்டும் பறக்கிறது. மேற்பகுதி மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிது. இந்த ரொக்கெட்டை ஒருவர் முழுமையாக வாடகைக்கு எடுப்பதற்கு 2022ஆம் ஆண்டின் விலைப்பட்டியலில் 67 மில்லியன் அமெரிக்க டொலர். ஆனால், 2019இல் அதே கம்பனி பங்குப் பயணத் திட்டம் ஒன்றை அறிவித்தபோது, 200 கிலோ வரையான சரக்குக்கு 1 மில்லியன் டொலர் என்றது. பின்னர் கட்டணம் கூடியது என்றாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. 2021 ஜனவரி 24ஆம் திகதி 'ட்ரான்ஸ்போர்ட்டர்-1' என்ற பயணத்தில் 143 செய்மதிகள் ஒன்றாகச் சென்றன. அந்தக் கீழ்ப்பகுதிக்கு அது ஐந்தாவது பயணம். அதற்கு முந்திய சாதனை இந்தியாவினுடையது. 2017 பெப்ரவரி 15இல் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் 104 செய்மதிகளைக் கொண்டு சென்றது.

இவற்றில் பெரும்பாலானவை சிறியவை. பத்து சென்றிமீற்றர் நீள, அகல, உயரம் கொண்ட ஒரு பெட்டிதான் இவற்றின் அடிப்படை அளவு. எமது நாட்டின் முதலாவது செய்மதியான 'ராவணா-1' இந்த வகையைச் சேர்ந்ததே. அது 2019 ஜூன் 17இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து நேபாளம், ஜப்பான் நாடுகளின் செய்மதிகளுடன் சேர்த்து விடப்பட்டது. மூன்றும் ஒரே அளவு, ஒரே வார்ப்பு. மூன்று என்றால் சமாளிக்கலாம். அறுபது, எழுபது என்றால்?

இதற்கான விடை 2018 டிசம்பர் 3ஆம் திகதி கிடைத்தது. கலிபோர்னியாவிலிருந்து புறப்பட்ட ஒரு பால்கன் 9 ரொக்கெட் 17 நாடுகளைச் சேர்ந்த 34 நிறுவனங்களின் 64 செய்மதிகளைக் கொண்டு சென்றது. ஒரே கீழ்ப்பகுதி மூன்றாவது தடவையாகப் பறந்ததும் அன்றுதான் முதன்முறை. பயணத்தில் குறை இல்லை. சரக்கும் பத்திரமாகச் சேர்ந்தது. ஆனால் வாரங்கள் கடந்த பின்பும் பல செய்மதிகளுக்கு உரிமையாளர் யார் என்பது பட்டியலில் எழுதப்படவில்லை.

ஏன் இப்படி? பூமியைச் சுற்றும் பொருட்களைக் கணக்கெடுக்கும் பிரதான வேலையை அமெரிக்க இராணுவத்தின் ராடார்கள் செய்கின்றன. ராடாருக்குத் தெரிவது ஒரு புள்ளி மட்டுமே. அந்தப் புள்ளியின் பாதையை இரண்டு வரிகளில், வரிக்கு 69 எழுத்திடங்களில், எண்களாக எழுதி இணையத்தில் வெளியிடுகிறார்கள். பாதையின் சாய்வு, ஒரு நாளில் எத்தனை சுற்று, எந்த நேரத்தில் அளந்தது எல்லாம் அதில் இருக்கும். ஆனால் புள்ளியின் பெயரை ராடார் சொல்லாது. அதை உரிமையாளர்தான் வந்து சொல்லவேண்டும். உரிமையாளரோ, தனது புள்ளி எது என்று ராடார்காரரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்!

எல்லாச் செய்மதிகளும் சில மணித்தியாலங்களுக்குள், ஏறக்குறைய ஒரே பாதையில் விடப்படுவதால் ஆரம்பத்தில் அவை ஒரு கொத்தாகவே செல்லும். கழரும்போது கிடைக்கும் சிறு உந்துதல்தான் மெல்ல மெல்ல அவற்றைப் பிரிக்கிறது. விநாடிக்கு ஒரு மீற்றர் என்ற வேக வித்தியாசம், அதாவது நாம் சாதாரணமாக நடக்கும் வேகம், ஒரே நாளில் இருநூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட இடைவெளியை உண்டாக்கிவிடும். இதில் ஒரு வேடிக்கை: முன்னால் தள்ளப்பட்டது பின்தங்கும். வேகம் கூடியதால் அது உயர்ந்த, நீண்ட பாதைக்குப் போய்விடுகிறது.

அப்படியானால் பிரியும் வரை காத்திருந்தால் போதாதா? காத்திருப்பதற்கும் விலை உண்டு. மேற்சொன்ன 64இல் ஒன்று அமெரிக்காவின் நெவாடா கலைக்கூடத்துக்குச் சொந்தமானது. ஒரு மில்லியன் டொலருக்கு மேல் செலவான அந்தச் செய்மதி, வானில் சுமார் 30 மீற்றர் நீளமான பளபளக்கும் பலூன் ஒன்றை ஊதி விரிக்க இருந்தது. பலூன் பக்கத்தில் போவதில் மோதாது என்று உறுதியானால்தான் அனுமதி. பக்கத்தில் போவது எது, பலூன்காரரின் பெட்டி எது என்பதே தெரியாதபோது அனுமதி எங்கிருந்து வரும்? இடையில் அமெரிக்க அரசாங்க அலுவலகங்களும் வாரக்கணக்கில் மூடப்பட்டன. காத்திருந்த காலத்தில் செய்மதியுடனான தொடர்பே அறுந்துவிட்டது. பலூன் விரியவே இல்லை.

உரிமையாளர் சும்மா இருக்கவேண்டும் என்பதில்லை. தனது செய்மதியின் வானொலிக் குரலைக் கேட்டே அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நிலையத்தை நோக்கி வரும் கடுகதி ரயிலின் ஹோர்ன் சத்தம் கூர்மையாகவும், கடந்து போனபின் தடித்தும் கேட்பதை நாம் அறிவோம். செய்மதியின் அலையும் அப்படித்தான். 437 மெகா ஹேட்ஸ் அலைவரிசையில் பேசும் செய்மதி நெருங்கும்போது சுமார் 10 கிலோ ஹேட்ஸ் கூடுதலாகவும், விலகும்போது அதே அளவு குறைவாகவும் கேட்கும். இந்த மாற்றம் மிக வேகமாக நிகழும் கணமே செய்மதி நமக்கு மிக அருகில் வந்த கணம். ஐம்பது கிலோமீற்றர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் இரண்டு செய்மதிகள் சுமார் ஏழு விநாடி வித்தியாசத்தில் கடக்கும். ஆகவே, கடந்த நேரத்தைச் சரியாகக் குறித்துக்கொண்டு, பட்டியலிலுள்ள புள்ளிகளில் எது அந்த நேரத்துக்குப் பொருந்துகிறது என்று பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடும். 1957இல் ஸ்புட்னிக் பறந்தபோதே அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர் இந்த முறையில் அதன் பாதையைக் கணித்தார்கள்.

ஆனால் ஒரே ஊரிலிருந்து கேட்டால் ஒரு நாளில் சில தடவைகள்தான், அதுவும் ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடத்துக்கு உட்பட்டே கிடைக்கும். இதனால்தான் கிரேக்கத்திலுள்ள லிப்ரே ஸ்பேஸ் அமைப்பு 'சட்நொக்ஸ்' என்ற பெயரில் உலகெங்குமுள்ள ஆர்வலர்களின் அன்ரனாக்களை இணைத்திருக்கிறது. ஒருவருக்குத் தொடுவானத்தில் மறைவது இன்னொருவருக்கு உதிக்கிறது. எனினும், பேசும் செய்மதிக்கு மட்டுமே இது உதவும். பற்றரி செத்து ஊமையாகிப் போனதை யாரும் கேட்டறிய முடியாது.

அந்த ஊமைகளுக்காகத்தான் இப்போது இலக்கத்தகடு தேடுகிறார்கள். அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடம், சூரிய ஒளியில் இயங்கி லேசர் ஒளியால் தனது இலக்கத்தைக் கண்சிமிட்டிக் காட்டும் சிறு கருவி ஒன்றைச் செய்திருக்கிறது. செய்மதி இறந்தாலும் அது சிமிட்டும். இதையெல்லாம்விட மலிவான வழி, எந்தச் செய்மதி எந்த விநாடியில், எந்த இடத்தில், எந்த வேகத்தில் கழன்றது என்ற விபரத்தை ரொக்கெட்காரர் உடனடியாகக் கொடுத்துவிடுவதுதான். முற்பணம் கட்டுமுன் கேட்கவேண்டிய முதற் கேள்வியும் இதுவே.

இனி, மார்க் தெரியாத அளவுக்குப் பெட்டியைச் சிறிதாக்கிய ஒரு கம்பனியின் கதை. ஸ்வார்ம் என்ற அமெரிக்கக் கம்பனி வெறும் 2.8 சென்றிமீற்றர் தடிப்புள்ள, ஒரு புத்தகம் போன்ற நான்கு 'ஸ்பேஸ்பீ' செய்மதிகளைச் செய்தது. இவ்வளவு சிறியதை ராடாரால் நம்பகமாகப் பின்தொடர முடியாது என்று கூறி 2017 டிசம்பரில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு அனுமதி மறுத்தது. அடுத்த மாதமே, 2018 ஜனவரி 12இல், அவை இந்திய ரொக்கெட் ஒன்றில் ஏறிச் சென்றுவிட்டன. அனுமதியின்றிச் சரக்கு அனுப்பியதற்கான தண்டம் 900,000 டொலர். உண்மையில் அவை பின்னர் ராடாரில் தென்படவே செய்தன. ஆனாலும் தண்டம் தண்டம்தான்.

கம்பனி தண்டத்தைக் கட்டி, முறைப்படி அனுமதி பெற்று வியாபாரத்தைத் தொடர்ந்தது. 2021இல் ட்ரான்ஸ்போர்ட்டர்-1 சுமந்து சென்ற 143இல் 36 ஸ்பேஸ்பீக்கள். அதே ஆண்டு ஸ்வார்ம் கம்பனியை ஸ்பேஸ் எக்ஸே விலைக்கு வாங்கிவிட்டது.