பொம்மை பேசினால் குழந்தை பேசும்

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் காலை வேளையில் தெருமுனையில் நின்று பாருங்கள். தூக்குச் சட்டியில் மதியச் சோற்றை எடுத்துக்கொண்டு, ‘பயர் ஆபீஸ்’ வண்டிக்காகப் பெண்கள் காத்து நிற்பார்கள். பட்டாசு ஆலைக்கு அங்கே வழங்கும் பெயர் அதுதான். வீட்டு வாசலில் அப்பத்தாவின் இடுப்பில் அமர்ந்து ஒரு குழந்தை கையசைத்துக் கொண்டிருக்கும். வண்டி போய்விடும். அதன் பிறகு அந்தப் பிஞ்சு மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை நாம் எப்படி அறிவது?

இந்தக் கேள்வி வெறும் ஆர்வத்திற்காகக் கேட்கப்படுவதன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடி விபத்தில் 40 பேர் அளவில் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் நிகழ்ந்த விபத்து இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. இத்தகைய செய்திகளைப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில்தான் பேசிக் கொள்கிறார்கள். ஆனால் திண்ணையில் விளையாடும் குழந்தையின் காது கூர்மையானது.

‘ஒண்ணுமில்ல’ என்னும் பதில்

ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். பக்கத்து ஊரில் வெடி வெடித்த நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. நின்று போயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் மீண்டும் வந்துவிட்டது. “என்னம்மா கண்ணு, உனக்கு என்ன செய்யுது?” என்று கேட்டால், “ஒண்ணுமில்ல” என்கிறாள். ‘புள்ளை பயந்திருச்சு, மந்திரிச்சுக் கயிறு கட்டணும்’ என்கிறார் அப்பத்தா. குழந்தை பயந்திருக்கிறது என்று அவர் கண்டுகொண்டது சரியே. ஆனால் எதைக் கண்டு பயம்? அதைச் சொல்லத்தான் குழந்தைக்குத் தெரியவில்லை.

இதில் வியப்பொன்றுமில்லை. உணர்ச்சி பிறவியிலேயே வருவது; அதற்குரிய சொல்லோ மெல்ல மெல்லக் கற்றுக்கொள்ள வேண்டியது. பசி, வலி போன்ற சொற்கள் சீக்கிரம் வந்துவிடும். ஏக்கம், கவலை, வெட்கம் ஆகியவை தாமதமாகவே வரும். மேலும், நேருக்கு நேர் கேட்கப்படும் கேள்வி குழந்தைக்கு விசாரணையாகத் தோன்றுகிறது. ‘அம்மா செத்துப் போவாளோ’ என்று வாய்விட்டுச் சொன்னால் அப்படியே நடந்துவிடும் என்றுகூடச் சில குழந்தைகள் அஞ்சும்.

பொம்மை எப்படி உதவுகிறது?

இரண்டு வயதிலிருந்து ஏழு வயது வரை குழந்தை ஒரு பொருளை மற்றொன்றாகப் பாவித்து விளையாடுகிறது என்று சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே விளக்கினார். காலித் தீப்பெட்டி கட்டிலாகும், துணிச்சுருள் பாப்பாவாகும். அந்தப் பாப்பா அழலாம், கோபிக்கலாம், பயப்படலாம். அதெல்லாம் பாப்பாவின் உணர்ச்சிதானே! குழந்தைக்கும் அதன் பயத்துக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டாகிறது. அந்த இடைவெளியில் நின்றுகொண்டு குழந்தை தைரியமாகப் பேசும்.

இதை மருத்துவ முறையாகவே வளர்த்தவர்கள் உண்டு. 1920களில் பெர்லின் நகரில் மெலனி கிளைன் சிறு பொம்மைகளைக் கொண்டு குழந்தைகளின் மனத்தை ஆராய்ந்தார். 1947ல் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற அமெரிக்கப் பெண்மணி, விளையாட்டுச் சிகிச்சை பற்றிய தம் நூலில், “குழந்தை வழிகாட்டட்டும், பெரியவர் பின்தொடரட்டும்” என்னும் கருத்தை நிலைநாட்டினார்.

அண்மைக்கால மூளை ஆய்வுகளும் சில செய்திகளைக் கூறுகின்றன. உணர்ச்சிக்குப் பெயரிட்டுச் சொல்லும்போது, மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியின் பரபரப்புத் தணிவதை, பெரியவர்களிடம் செய்த ஓர் ஆய்வில் 2007ல் கண்டனர். 2020ல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார், 4 முதல் 8 வயதுள்ள 33 குழந்தைகளை ஆராய்ந்தனர். குழந்தை தனியாகப் பொம்மையுடன் விளையாடும்போதுகூட, பிறர் மனத்தை உணர உதவும் மூளைப்பகுதி வேலை செய்வதாக அறிவித்தனர். அந்த ஆய்வுக்குப் பொருளுதவி செய்தது ஒரு பொம்மைக் கம்பெனி என்பதையும் நாம் மறக்கலாகாது.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, ஆரோவில் பகுதியில் மீனவப் பெண்கள் துணித்துண்டுகளால் ‘சுனாமிக்கா’ என்னும் சின்னஞ்சிறு பொம்மைகளைச் செய்தனர். கை வேலை செய்ய, வாய் துயரத்தைப் பேசிற்று. அந்தப் பொம்மை விற்பனைக்கு அன்று, அன்பளிப்பாகவே வழங்கப்பட்டது. பெரியவர்களுக்கே பொம்மை துணை நின்றதென்றால் குழந்தைகளுக்குச் சொல்லவும் வேண்டுமோ?

நீங்களே செய்து பார்க்கலாம்

விலையுயர்ந்த பொம்மை வேண்டியதில்லை. பழைய சேலைத் துணியைச் சுருட்டி நூலால் கட்டி நான்கைந்து பொம்மைகள் செய்யுங்கள்: அம்மா, அப்பா, அப்பத்தா, பிள்ளைகள். முகத்தில் சிரிப்பு வரையாதீர்கள். மரப்பாச்சியின் முகத்தைப்போல் அது பொதுவாக இருக்கட்டும். அப்போதுதான் குழந்தை தன் மனத்திலுள்ள முகத்தை அதற்கு வைத்துப் பார்க்கும். தீப்பெட்டியில் வண்டியும் வீடும் செய்து கொடுங்கள். ஆண்பிள்ளைக்கும் கொடுங்கள், பயம் ஆண், பெண் பார்த்து வருவதில்லை.

நாள்தோறும் கால்மணி நேரம் தரையில் உட்காருங்கள். எப்படி விளையாட வேண்டும் என்று சொல்லாதீர்கள். நாம் கற்பனை செய்த சிறுமி ஒரு பொம்மையை வாசலில் வைக்கிறாள் என்று கொள்வோம்.

“இந்தப் பாப்பா வாசல்லயே உக்காந்திருக்கே!”

“அவ அம்மா வண்டியில போயிட்டா. டமார்னு சத்தம் கேட்டா வரமாட்டா.”

“ஓ! பாப்பாவுக்குப் பயமா இருக்கு.”

“ஆமா. ரொம்பப் பயம்.”

பாருங்கள், ‘பயம்’ என்ற சொல் கிடைத்துவிட்டது! இங்கே ‘ஒன்றும் நடக்காது’ என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அம்மாவின் வேலையில் ஆபத்து உண்டு என்பது குழந்தைக்குத் தெரியும். பொய்யான உறுதிமொழி நம் மீதுள்ள நம்பிக்கையைத்தான் குலைக்கும். “பயம் வருவது சகஜம்தான். பாப்பாவை யார் பார்த்துக்குவா? அம்மா வந்ததும் பாப்பா என்ன செய்வா?” என்று கேளுங்கள். விடையைக் குழந்தையே கண்டுபிடிக்கும். பயத்தைச் சுமக்க ஒரு துணை இருக்கிறது என்பதே அதற்கு ஆறுதல்.

எல்லைகளும் உண்டு

பொம்மை உண்மையைக் கக்கவைக்கும் கருவியன்று. குழந்தை பொம்மையை அடித்தால், வீட்டில் யாரோ அதை அடிக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1987ல் ஜூடி டிலோச் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். ஓர் அறையின் சிறு மாதிரியில் குட்டிப் பொம்மையை ஒளித்து வைப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டினார். உண்மையான அறையில், அதே இடத்தில் ஒளித்த பெரிய பொம்மையைத் தேடச் சொன்னார். மூன்று வயதுக் குழந்தைகள் கண்டுபிடித்தன. இரண்டரை வயதுக் குழந்தைகளால் பெரும்பாலும் இயலவில்லை. ஒரு பொருள் மற்றொன்றைக் குறிக்கிறது என்பதை உணரவே வயது வர வேண்டும். எனவே நடந்ததை விசாரிக்கப் பொம்மையை நம்பலாகாது.

மற்றொரு எச்சரிக்கை. 1976ல் கலிபோர்னியாவில் 26 பள்ளிக் குழந்தைகள் பேருந்தோடு கடத்தப்பட்டு மீண்டனர். அவர்களை ஆராய்ந்த லெனோர் டெர் என்னும் மனநல மருத்துவர், சில குழந்தைகள் அந்தப் பயங்கரத்தையே திரும்பத் திரும்ப விளையாடினர், ஆனால் ஆறுதல் அடையவில்லை என்று கண்டார். உங்கள் குழந்தையும் மாறாத ஒரே விளையாட்டை மகிழ்ச்சியின்றி ஆடினாலும், தூக்கமின்மையோ படுக்கை நனைதலோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலும், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசம். யாரேனும் குழந்தையைத் துன்புறுத்துவதாகத் தெரிந்தால், துருவித் துருவிக் கேட்காமல் 1098ஐ அழையுங்கள்.

பட்டாசு ஆலைகளைப் பாதுகாப்பானவையாக்குவது அரசும் முதலாளிகளும் ஆற்ற வேண்டிய கடமை. துணிப்பொம்மை அதற்கு ஈடாகாது. ஆனால் இன்று மாலை வண்டி திரும்பும்வரை வாசலைப் பார்த்திருக்கும் குழந்தைக்கு நம்மால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கந்தல் துணியில் ஒரு பாப்பாவைக் கட்டிக் கொடுத்து, அருகில் உட்கார்ந்து, அது சொல்வதைப் பொறுமையோடு கேட்போமே!