வலிக்காத கட்டி

மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, “வலிக்குதா?” என்பதுதான். வலிக்கவில்லை என்று சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும். மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு தலைகீழ். தொடக்க நிலையில் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. மாதவிலக்கை ஒட்டி வந்துபோகும் மார்பு வலிக்கு ஹார்மோன் ஏற்ற இறக்கமே வழக்கமான காரணம். வலிக்காத கட்டிதான் மாதக்கணக்கில் யாரிடமும் காட்டப்படாமல் கிடக்கிறது.

2022-ல் இந்தியாவில் சுமார் 1.9 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது, ஏறத்தாழ 98 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீடு. நம் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடம் இதற்குத்தான்.

யாருக்கு வரும்? வயது ஏற ஏற வாய்ப்பு கூடும். சீக்கிரம் வயதுக்கு வந்தவர்கள், மாதவிலக்கு தாமதமாக நின்றவர்கள், முப்பதைத் தாண்டி முதல் குழந்தை பெற்றவர்கள், குழந்தை பெறாதவர்கள், மாதவிலக்கு நின்றபின் உடல் பருத்தவர்கள், மது அருந்துபவர்கள் ஆகியோருக்குச் சற்று அதிகம். தாய்ப்பால் கொடுத்தால் வாய்ப்பு குறையும். ஆனால் அது முழுக் காப்பு அல்ல. மூன்று பிள்ளைக்குப் பால் கொடுத்தேன், எனக்கு எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கும் வரத்தான் செய்கிறது. உள்ளாடையின் நிறத்துக்கும் இறுக்கத்துக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து. அம்மாவுக்கோ அக்காவுக்கோ ஐம்பது வயதுக்குள் வந்திருந்தால், குடும்பத்தில் யாருக்காவது சினைப்பைப் புற்றுநோயோ, ஆணுக்கு மார்பகப் புற்றுநோயோ இருந்திருந்தால், மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். அப்பா வழி அத்தை, பாட்டியைப் பலரும் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். பழுதான பி.ஆர்.சி.ஏ. மரபணு அப்பாவிடமிருந்தும் வரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பெண்ணாகப் பிறந்ததையும் நாற்பது கடந்ததையும் தவிர வேறு காரணம் எதையும் காட்ட முடிவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே ‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை’ என்ற தைரியம் பரிசோதனையைத் தள்ளிப்போடக் காரணமாகாது.

பரிசோதனை என்றதும் மேமோகிராம் எந்திரமும் அதன் கட்டணமும்தான் நினைவுக்கு வரும். கைப்பரிசோதனையை யாரும் மதிப்பதில்லை. மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கிய ஓர் ஆய்வு இந்த அலட்சியத்துக்குப் பதில் சொன்னது. 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை லட்சம் பெண்கள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பைக் கையால் தடவிப் பார்த்தார்கள். அந்த ஊழியர்கள் டாக்டர்களோ நர்சுகளோ அல்ல. மறுபாதிக்கு விழிப்புணர்வு மட்டும். இருபது ஆண்டுக்கும் மேல் கழித்து, 2021-ல் வெளியான முடிவு இது: கைப்பரிசோதனை செய்த பிரிவில் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள் 37 சதவீதம், மற்றதில் 47. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் இந்நோயால் நேர்ந்த இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படிக் குறையவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. செலவில்லாத ஒரு சோதனைக்கு இது பெரிய வெற்றி.

2016-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கைப்பரிசோதனை. ஐந்தாண்டு இடைவெளி மிக நீளம் என்பது என் கருத்து. மும்பையில் பலன் கிடைத்தது இரண்டாண்டு இடைவெளியில். அந்த ஐந்தாண்டுச் சோதனையும் எத்தனை பேருக்குக் கிடைத்தது? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியா முழுக்க நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தமிழ்நாட்டில் ஐந்தாறு பேர். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்கப் போகும்போதே நர்சம்மாவிடம் கேளுங்கள். பார்ப்பது இலவசம்.

மாதாமாதம் சுயபரிசோதனை செய்தால் போதும் என்று நம்ப வேண்டாம். ஷாங்காயில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான நெசவாலைப் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்துப் பார்த்ததில் இறப்பு குறையவில்லை. ஆனால் குளிக்கும்போதும் உடுத்தும்போதும் நம் உடம்பில் புதிதாக ஏதாவது தெரிந்தால் கவனிக்க வேண்டும்: மார்பிலோ அக்குளிலோ கட்டி, உள்ளிழுத்த காம்பு, ரத்தக் கசிவு, ஆரஞ்சுத் தோல் போன்ற குழிவு. இவற்றில் எது தெரிந்தாலும் சில நாளுக்குள் காட்டுங்கள். நாற்பது கடந்தவர்கள் மேமோகிராம் பற்றியும் மருத்துவரிடம் பேசலாம். இளம் வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருக்கும் என்பதால் பெரும்பாலும் அல்ட்ராசவுண்டு ஸ்கேன்தான் முதலில். கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. எது என்று உறுதிப்படுத்துவது, ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி மட்டுமே. ஊசி பட்டால் பரவிவிடும் என்ற பயத்தில் நாளைக் கடத்தும்போதுதான் நோய் பரவ நேரம் கிடைக்கிறது.

ஆண் மருத்துவர் பரிசோதித்தால் உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. சிகிச்சைச் செலவுக்கு, ஆண்டு வருமானம் 1.2 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ‘புற்றுநோயை வேரோடு குணமாக்குகிறோம்’ என்று விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டின் மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம்.

மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கப் போகும்போது ரிப்போர்ட் தாளோடு நிற்காதீர்கள். பயாப்சி செய்த லேபிலிருந்து ஸ்லைடுகளையும் திசு பதித்த மெழுகு பிளாக்கையும் வாங்கிக்கொண்டு போங்கள். ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 போன்ற சோதனைகளைப் பெரும்பாலும் அதிலிருந்தே செய்துவிடலாம்; இரண்டாவது முறை ஊசி குத்தும் தேவை குறையும்.