வீடு வாங்குவோரும் தரகரும்

மாதச் சம்பளத்தை நம்பி வாழும் ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவு, வீடு வாங்குவதேயாகும். பல ஆண்டுச் சேமிப்பும், இனிவரும் பல ஆண்டுகளுக்கான கடன் சுமையும் ஒரே பத்திரத்தில் அடங்கிவிடுகின்றன. ஆயினும், பெரும்பாலோர் வாழ்வில் ஒரு முறையே வீடு வாங்குகின்றனர்; எதிரே அமர்ந்திருப்பவரோ அதனையே தொழிலாகக் கொண்டவர். இந்த அறிவு வேறுபாட்டினால் தரகரின் உதவி தேவைப்படுகிறது. அவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதற்கும் அதுவே காரணமாகும்.

தரகர் யாருக்காகப் பணிபுரிகிறார்? தவறு நேர்ந்தால் அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பின்னரே வீடு வாங்குவோர் பணத்தைக் கையிலெடுக்க வேண்டும். கட்டுநரிடமிருந்து நேரே வாங்கும் புதிய வீட்டுக்கு இவ்விடை ஒருவிதமாகவும், ஒருவர் குடியிருந்து விற்கும் பழைய வீட்டுக்கு வேறுவிதமாகவும் அமைந்துள்ளது. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தரகரால் ஆவதும் ஆகாததும்

எந்தத் தெருவில் எந்த வீடு விற்பனைக்கு உள்ளது, அண்மையில் அங்கு என்ன விலைக்குக் கைமாறியது, உரிமையாளர் எவ்வளவுக்கு இறங்கி வருவார் என்பன போன்ற செய்திகள் எந்தப் பதிவேட்டிலும் முழுமையாகக் கிடைப்பதில்லை. தரகரின் உண்மையான முதல் இவைதாம். இரு தரப்பாரையும் சந்திக்க வைத்தல், பேரத்தில் இடைநின்று பேசுதல், சார்பதிவாளர் அலுவலகப் பணிகளில் உடனிருத்தல் ஆகியவையும் பயனுள்ள சேவைகளே.

ஆனால், விற்பவருக்குச் சொத்தின்மீது குற்றமற்ற உரிமை உண்டு என்று உறுதிசெய்வது தரகரின் பணியன்று. நம் நாட்டில், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்படுவது பத்திரமே; உரிமைக்கு அரசு உறுதியளிப்பதில்லை. எனவே மூலப்பத்திரம் தொடங்கி இன்றுவரை உள்ள பத்திரத் தொடர்ச்சி, வில்லங்கச் சான்று, வருவாய்த்துறை அல்லது நகராட்சிப் பதிவு ஆகியவற்றை ஆராய வேண்டியுள்ளது. தமிழ்நாட்டில் பட்டா, கருநாடகத்தில் காத்தா, மகாராஷ்டிரத்தில் ஏழு-பன்னிரண்டு நகல் என மாநிலத்துக்கு மாநிலம் பெயரும் தன்மையும் மாறுபடும் இவ்வாவணங்களை, வாங்குவோர் தாமே அமர்த்திய வழக்கறிஞர் பார்க்க வேண்டும். தரகர் அழைத்துவரும் வழக்கறிஞரின் கருத்தை மட்டும் நம்புதல் தகாது.

தரகுக் கணக்கு

வீட்டின் விலையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு என்று தரகு பெறுவது பல நகரங்களில் வழக்கமாக உள்ளது. மத்தியச் சட்டம் இதற்கு ஒரு விகிதத்தை விதிக்கவில்லை. பேசி முடிவு செய்துகொள்வதே முறை. எடுத்துக்காட்டாக, 40 இலட்சம் ரூபாய் விலையுள்ள வீட்டுக்கு 2 சதவீதத் தரகு 80,000 ரூபாய் ஆகும். தரகர் வாதாடி விலையை 38 இலட்சமாகக் குறைத்தால், வாங்குபவருக்கு 2 இலட்சம் ரூபாய் மிஞ்சும். தரகருக்கோ 4,000 ரூபாய் குறையும். பேரம் முறிந்தால் அவருக்கு ஒன்றுமில்லை. ஆகவே, விலை குறைவதைவிட விற்பனை விரைவில் முடிவதிலேயே அவருக்கு நாட்டம் இருப்பது இயல்பு. விற்பவரிடமும் அவர் தரகு பெறுவாராயின், இந்நாட்டம் மேலும் வலுப்பெறும். இதனைத் தரகரின் குணக்கேடு என்று கொள்ள வேண்டியதில்லை. ஊதியம் அமைந்துள்ள முறையின் விளைவு இது. எனினும் வாங்குவோர் இதனை மறத்தல் ஆகாது.

புதிய வீடும் 2016ஆம் ஆண்டுச் சட்டமும்

நெடுங்காலம் இத்தொழிலுக்கு நாடு தழுவிய ஒழுங்குமுறை எதுவும் இருக்கவில்லை. நாடாளுமன்றம் 2016ஆம் ஆண்டு மார்ச் திங்களில் நிறைவேற்றி, 2017 மே முதல் நாளிலிருந்து முழுமையாக நடைமுறைக்கு வந்த வீடு-மனை விற்பனை ஒழுங்குமுறை, மேம்பாட்டுச் சட்டம் இந்நிலையை மாற்றியது. மக்கள் வழக்கில் 'ரெரா' எனப்படும் இச்சட்டத்தின்படி, பதிவு பெற்ற திட்டங்களில் கட்டுநர் விற்கும் மனையையோ வீட்டையோ விற்றுக்கொடுக்கும் தரகர், ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். தரகர், இடையாள், சொத்து முகவர் என்று எப்பெயரால் அழைக்கப்பட்டாலும், ஊதியம் பெற்று வாங்குவோரையும் விற்போரையும் இணைப்பவர் முகவரே என்று சட்டம் வரையறுக்கிறது.

பதிவு பெற்ற முகவருக்குச் சில கடமைகள் விதிக்கப்பட்டுள்ளன. பதிவு பெற வேண்டிய திட்டம் பதிவு பெறாதிருப்பின், அதில் அவர் விற்பனைக்கு உதவக்கூடாது. தாம் உதவும் ஒவ்வொரு விற்பனையிலும் தம் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். கணக்குகளையும் ஆவணங்களையும் பேணிவர வேண்டும். இல்லாத ஒப்புதலை இருப்பதாகவோ, தரத்தை மிகைப்படுத்தியோ கூறக்கூடாது. வீட்டுக்கு முன்பதிவு செய்யும்போதே, வாங்குவோர் பெறுதற்குரிய எல்லாத் தகவல்களும் ஆவணங்களும் கிடைக்கச் செய்ய வேண்டும். இவற்றை மீறினால், மீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் தண்டம் உண்டு. அது வீட்டின் விலையில் 5 சதவீதம் வரை உயரலாம். மேற்கூறிய 40 இலட்சம் ரூபாய் வீட்டில் இவ்வுச்சவரம்பு 2 இலட்சம் ரூபாய். இருபது நாள்களில் அது எட்டப்பட்டுவிடும்.

எனினும், புதிய திட்டங்களில் முகவருக்குப் பெரும்பாலும் தரகு அளிப்பவர் கட்டுநரே. ஆகவே முகவரின் சொல்லை, ஆணையத்தின் இணையதளத்திலுள்ள திட்டப் பதிவுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அனுமதி பெற்ற வரைபடம், பணி முடிக்கவேண்டிய நாள், தரைப்பரப்பு ஆகியவற்றை அங்குக் காணலாம். சுவர்களுக்குள் பயன்படும் பரப்பையே சட்டம் தரைப்பரப்பு என்கிறது. படிக்கட்டு, கூடம் போன்ற பொது இடங்களின் பங்கையும் சேர்த்துச் சொல்லப்படும் பெரிய எண்ணைக் கொண்டு விலையை ஒப்பிட்டால் கணக்குத் தவறிவிடும்.

பழைய வீடு: சட்டத்தில் உள்ள இடைவெளி

கட்டுநர் விற்கும் வீடுகளுக்கே மேற்கூறிய பதிவுக் கடமை பொருந்தும். ஒருவர் தாம் குடியிருந்த வீட்டை மற்றொருவருக்கு விற்கையில், இடைநிற்கும் தரகருக்கு இச்சட்டம் அக்கடமையை விதிக்கவில்லை. அத்தரகர் பதிவு எண் வைத்திருந்தாலும், அந்த எண்ணைக் கொண்டே இவ்விற்பனையில் பாதுகாப்பு உண்டு என்று எண்ணிவிடலாகாது. நகரங்களின் பழைய பகுதிகளில் வீடு தேடுவோர் பலரும் இவ்விடைவெளிக்குள்தான் நிற்கின்றனர்.

இங்கே துணைநிற்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டமாகும். ஒருவரைத் தம் முகவராக அமர்த்தியவர், அவரிடம் கணக்குக் கேட்கலாம். முகவர் தம்மை அமர்த்தியவருக்குத் தெரிவித்து இசைவு பெறாமல், அதே பேரத்தில் தமக்கென்று ஆதாயம் தேடினால், அவ்வாதாயத்தை அமர்த்தியவர் கோரலாம். முறைகேடு செய்த முகவர் அப்பணிக்கு ஊதியம் கேட்க இயலாது. ஆனால் இவ்வுரிமைகள் எல்லாம், அவர் நம் முகவர் என்று மெய்ப்பிக்க முடிந்தால்தான் பயன்படும். வாய்ச்சொல்லால் அமைந்த உறவில் இதுவே கடினம்.

ஆகவே, ஒரு பக்கத்துக்கு மேற்படாத எழுத்து உடன்படிக்கை ஒன்று செய்துகொள்வது நலம். அதில் இடம்பெற வேண்டியவை:

1. தரகர் யார் சார்பில் பணிபுரிகிறார்; மறுதரப்பிடமும் தரகு பெறுகிறாரா என்பது.
2. தரகு எவ்வளவு, எப்போது கொடுக்கப்படும் என்பது. கிரயப் பத்திரம் பதிவான பின்னர் என்று எழுதுவது வாங்குவோருக்குப் பாதுகாப்பு.
3. ஆவணக் குறையினால் பேரம் நின்றுபோனால் தரகு இல்லை என்பது.
4. தரகருக்கோ அவர் உறவினருக்கோ அச்சொத்தில் பங்கு இருப்பின் அதனை முன்னரே தெரிவிக்க வேண்டும் என்பது.

இவற்றில் கையொப்பமிடத் தயங்குபவரை விட்டு வேறொருவரை நாடுவதே அறிவுடைமை. தரகரைத் தேர்ந்தெடுக்கும்போது, அதே பகுதியில் அவர் மூலம் வீடு வாங்கிய இருவரையேனும் நேரில் கண்டு கேட்பதும் தக்கது.

பணம் கைமாறும் வேளை

'இன்று மாலைக்குள் முன்பணம் தராவிட்டால் வீடு போய்விடும்' என்பது பேரத்தில் அடிக்கடி கேட்கும் சொல். புதிய திட்டங்களில், விற்பனை உடன்படிக்கையை எழுதிப் பதிவு செய்யும் முன், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் பெறக்கூடாது என்பது சட்டம். 40 இலட்சம் ரூபாய் வீட்டுக்கு இவ்வரம்பு 4 இலட்சம். எந்த வீடாயினும், முன்பணத்தைத் தரகரின் கையில் கொடுக்காது, விற்பவரின் வங்கிக் கணக்கில் செலுத்துதல் வேண்டும். அசையாச் சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2015 முதல் வருமானவரிச் சட்டம் தடுத்துள்ளது. பொது அதிகாரப் பத்திரத்தின் வாயிலாக விற்பனையை முடித்துவிடலாம் என்று கூறுவோரும் உளர். அத்தகைய பத்திரம் உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது.

குறை தீர்க்கும் வழியும் செய்ய வேண்டியதும்

புதிய திட்டங்களில் முகவர்மீதான முறையீட்டை மாநில ஒழுங்குமுறை ஆணையத்தில் அளிக்கலாம். ஆணையத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். பழைய வீட்டுப் பேரங்களில், ஊதியம் பெற்று அளித்த சேவையில் குறைபாடு என்ற அடிப்படையில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை நாடலாம். உரிமையியல் நீதிமன்றமும் உண்டு. எங்குச் சென்றாலும் முதலில் கேட்கப்படுவது எழுத்துச் சான்றே.

மகாராஷ்டிர ஆணையம் 2023இல் முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்ச்சிச் சான்றும் கட்டாயம் என்று விதித்தது. தரகுத் தொழிலைத் தகுதி சார்ந்த தொழிலாக உயர்த்தும் இம்முயற்சி வரவேற்கத்தக்கது. பதிவுக் கடமையைப் பழைய வீடுகளின் விற்பனைக்கும் விரிவாக்குவது குறித்து நிர்வாகத்தினர் எண்ணிப் பார்க்க வேண்டும். அதுவரை, தரகரைப் பொறுப்புக்கு உள்ளாக்கும் வேலை வாங்குவோரிடமே உள்ளது. முன்பணம் கொடுப்பதற்கு முன் எழுதி வாங்கும் ஒரு பக்க உடன்படிக்கையே அதற்குரிய கருவியாகும்.