பந்து சோறு போடுமா?

சென்ற மாதம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு திருமண வீட்டுக்குப் போயிருந்தோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயங்களும் இடிபட்ட பழைய தோட்டம் அது. ஆனாலும் கோயிலையொட்டி, அந்தக் காலத்தில் பெரட்டு நடந்த இடத்தில், இரண்டு கம்பம் நட்டு வலை கட்டியிருந்தது. மாலையானதும் ஈப்போவில் வேலை செய்கிற பையன்கள் கூட மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார்கள். ஆட்டம் சூடு பிடித்தது. சாப்பிட்ட கையோடு நாமும் ஓரமாய் நின்று பார்த்தோம்.

அப்போது ஓர் அம்மா பக்கத்தில் வந்தார். "ஐயா, நீங்க பேப்பர்ல எழுதுறவங்கதானே? அதோ உசரமா நிக்கிறானே, அவன் எம் மவன். அடுத்த வருசம் எஸ்.பி.எம். படிப்ப வுட்டுட்டு பந்து விளையாடியே பொழச்சிக்கிறேங்குறான். பந்து சோறு போடுமாய்யா?"

நல்ல கேள்வி. அவரிடம் சொன்னதை இங்கே எல்லாருக்குமாக எழுதுகிறோம்.

போடும். சிலருக்கு விருந்தே போடும். பக்கத்து நாடான இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் ஜெம்பர் ஊரைச் சேர்ந்த மெகாவதி என்ற பெண், தலையில் முக்காட்டோடு ஆடுகிறவர், 2023-இல் தென் கொரியாவின் ரெட் ஸ்பார்க்ஸ் குழுவில் சேர்ந்து 2025 வரை ஆடினார். ஆசிய நாட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் திட்டம் அங்கே தொடங்கிய முதல் ஆண்டு அது. அப்போது ஒரு பருவத்துக்கு வைத்த சம்பளம் ஒரு இலட்சம் அமெரிக்க டாலர். நம் பணத்தில் நான்கு இலட்சம் வெள்ளிக்கு மேல். 2025-இல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது, வருடத்துக்கு 20,400. கணக்குப் போட்டால் அந்தப் பெண்ணின் ஒரு வருடம், நம்மவருக்கு இருபது வருடம்! பையன்களுக்கு ஆசை வருவதில் தப்பேது?

ஆனால் அந்தப் பணம் எப்படி வருகிறது என்பதுதான் சங்கதி. கைப்பந்துக் குழுக்கள் மாதச் சம்பளத்துக்கு நிரந்தர ஆள் எடுப்பதில்லை. ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம். இத்தாலி, போலந்து, துருக்கி, ஜப்பான் நாடுகளில் அக்டோபர் வாக்கில் தொடங்கிய ஆட்டம் அடுத்த ஆண்டு ஏப்ரல், மே வரை ஓடும். வெளிநாட்டு ஆட்டக்காரருக்குத் தங்க வீடும் கொடுப்பது வழக்கம். இடையில் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டுக்கு ஒரு பங்கு போகும். பருவம் முடிந்தால் மறுபடி வேலை தேட வேண்டியதுதான். முட்டியோ தோளோ போய்விட்டால் அடுத்த ஒப்பந்தம் ஏது? மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை என்றிருந்த காலம் நம் பெரியவர்களுக்குத் தெரியும். அதே கதைதான், தொகை மட்டும் பெரிது.

இந்தியாவில் இந்த வழியை முதலில் திறந்தவர் ஜிம்மி ஜார்ஜ். 1955-இல் கேரளத்தின் பேராவூரில் பிறந்தவர். அண்ணன் தம்பி எட்டுப் பேரும் கைப்பந்தாட்டக்காரர்கள்! 1976-இல் கேரளப் போலீஸில் சேர்ந்தார். அதே ஆண்டு அர்ஜுனா விருதும் கிடைத்தது. 1979-இல் அபுதாபிக் குழுவுக்கு ஆடப் போனார். 1982-இல் இத்தாலி. சம்பளத்துக்கு ஆடிய முதல் இந்தியக் கைப்பந்தாட்டக்காரர் என்று அவரைச் சொல்வார்கள். 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் வாங்கியபோது குழுவில் இருந்தார். மறு ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இத்தாலியில் கார் விபத்தில் மாண்டார். வயது 32. மோந்திகியாரி என்ற இத்தாலிய ஊரில் விளையாட்டரங்கம் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அயலான் ஒருவனுக்கு அந்த ஊர் செய்த மரியாதை.

ஜிம்மி பந்துக்காகக் கடல் கடக்கு முன்னே போலீஸ் வேலையில் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் இதுவே நடைமுறை. தென்னக ரயில்வே, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரி இலாகா எல்லாம் கைப்பந்துக் குழு வைத்திருக்கின்றன. நன்றாக ஆடுகிறவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். காலையும் மாலையும் பயிற்சி, மாதம் பிறந்தால் சம்பளம், கால் ஓய்ந்த பிறகும் நாற்காலி இருக்கும். கிராமத்துப் பையன்கள் மணலில் விழுந்து புரண்டு ஆடுவது இந்த வேலைக்காகத்தான்.

லீக் பணம் அதற்கு மேல் வருவது. 2019-இல் புரோ வாலிபால் லீக் என்று தொடங்கினார்கள். சென்னைக் குழு கோப்பையைத் தூக்கியது. அடுத்த பருவம் நடக்கவேயில்லை! சம்மேளனத்துக்கும் நடத்திய கம்பெனிக்கும் தகராறு. பிறகு 2022 பிப்ரவரியில்தான் பிரைம் லீக் என்ற பெயரில் ஹைதராபாத்தில் ஆட்டம் தொடங்கியது. அதற்கான ஏலத்தில் முன்னணி ஆட்டக்காரர் சிலருக்கு 15 இலட்சம் ரூபாய், அதாவது எண்பதாயிரம் வெள்ளிக்கு மேல், மூன்று வார ஆட்டத்துக்கு. நடுவில் போன இரண்டு வருடத்தில் லீக்கை மட்டும் நம்பி இருந்தவன் பாடு என்ன? ரயில்வேக்காரன் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஜப்பானிலும் இப்படியே. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய பெண்களில் பெரும்பாலோர் நிச்சிபோ நூற்பாலையில் வேலை செய்தவர்கள். பகலில் ஆலை வேலை, அதன்பின் நள்ளிரவு வரை பந்து. நம் பெண்கள் இதைப் படித்தால் வியக்கமாட்டார்கள். விடியற்காலையில் மரம் வெட்டிவிட்டு வந்து வீட்டு வேலையும் பார்த்த தாய்மாரின் பிள்ளைகள்தானே!

சரி, நம் ஊரில்? கொரியாபோல் கைப்பந்துக்குச் சம்பளம் கொட்டும் லீக் இங்கே இல்லை. போலீஸ், இராணுவம் போன்றவற்றில் விளையாட்டுக் குழுக்கள் உண்டு. அங்கே போக எஸ்.பி.எம். வேண்டும், மலாய்மொழித் தேர்ச்சி வேண்டும். விளையாட்டு ஆசிரியராகப் போவதென்றால் அதற்கும் மேலே படிக்க வேண்டும். மாநிலக் குழுவுக்கு ஆடிய சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருப்பதும் முக்கியம். லயம் மாறி வீடு மாறும்போது இந்தத் தாள்கள்தான் முதலில் தொலைகின்றன, நாம் கண்டிருக்கிறோம்.

இவ்வளவையும் கேட்ட அந்த அம்மா, திடலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "டேய், ஆறரை ஆச்சு, டியூசனுக்கு நேரமாகல?" பையன் கையைக் காட்டிவிட்டு இன்னொரு பந்து போட்டான். வலைக்கு மேலே போய் அடித்தான் பாருங்கள், அடி! எதிர்ப்பக்கம் மூன்று பேர் இருந்தும் தொட முடியவில்லை. பிறகு சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.